கையெழுத்து என்னுடையது, ஆள் தேர்வு மட்டும் எச்.ஆருடையதா?

வேட்வில்_வெல்டு (ஜெர்மிஸ்டன்):

வணக்கம் மக்களே. கொஞ்சம் நீளமாகத்தான் எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். வீட்டில் சொல்லிச் சொல்லி மனைவிக்கே சலித்துவிட்டது.

தென்னாப்பிரிக்காவில், ஜெர்மிஸ்டனின் வேட்வில் தொழிற்பேட்டையில் பிரஷர் வெசலும் (அழுத்தக் கலன்) ஹீட் எக்ஸ்சேஞ்சரும் செய்கிற கம்பெனியில் நான் ஒர்க்‌ஷாப் இன்ஜினியர். ஊர் கோவில்பட்டிப் பக்கம். இங்கே ஜி.எம்.ஆர். 2(1) நியமனக் கடிதம், அதாவது இயந்திரங்களின் மேற்பார்வைப் பொறுப்பு, என் பெயரில்தான் இருக்கிறது. ஓவர்ஹெட் கிரேனில் ஏதாவது நடந்தால் தொழிலாளர் துறை இன்ஸ்பெக்டர் முதலில் தேடி வருவது என்னைத்தான். வெசல் வெளியே போகும்போது அதன் ஆவணத் தொகுப்பான டேட்டா புக்கிலும் என் கையெழுத்து இருக்கும்.

பிளேட்டை உருட்டி வளைக்கிற பகுதியான ரோலிங் பேயில் இருந்த சார்ஜ்ஹேண்ட் (அங்கே மேற்பார்வையாளர்) ஓய்வு பெற்றார். அந்த இடத்துக்கு யார் வரவேண்டும் என்பதில் ஒர்க்‌ஷாப்பில் யாருக்கும் சந்தேகமே இல்லை. கேட்லஹாங் டவுன்ஷிப்பிலிருந்து (கறுப்பின மக்கள் வாழும் புறநகர்) விடியற்காலை டாக்ஸி பிடித்து வருகிற ஒரு பெரியவர் இருக்கிறார். நாங்கள் எல்லோரும் மதாலா (இங்கே பெரியவர் என்று அர்த்தம்) என்றுதான் கூப்பிடுவோம். பதிவேட்டில் அவர் பாய்லர்மேக்கர் உதவியாளர். நிஜத்தில் அந்தப் பகுதியை நடத்துவதே அவர்தான். டிராயிங்கைக் கையில் கொடுத்தால், நாசில் (வெசலில் பைப் சேரும் வாய்) எந்தக் கோணத்தில் வரும், வெல்டு இழுத்தால் பிளேட் எந்தப் பக்கம் வளையும் என்று சாக்பீஸால் தரையில் போட்டுக் காட்டிவிடுவார். ஏ.எஸ்.எம்.இ. என்ற அமெரிக்கத் தரவிதியின் ஒன்பதாம் பிரிவுப்படி தகுதிபெற்ற வெல்டர். மெட்ரிக் (பள்ளி இறுதித் தேர்வு) இல்லை, டிரேட் சர்டிபிகேட்டும் (தொழில் சான்றிதழ்) இல்லை.

எச்.ஆர். சொன்னது, "பாலிசிப்படி இன்டர்வியூ நடக்கும்." சரி, நடக்கட்டும் என்றேன். பேனலில் மூன்று பேர். எச்.ஆர். மேனேஜர், 'பிசினஸ் பார்ட்னர்' என்று பதவி வைத்திருக்கும் இன்னொரு எச்.ஆர்., அப்புறம் நான். நூறு மதிப்பெண்ணில் தொழில்நுட்பத்துக்கு இருபது. மிச்சமெல்லாம் கம்பெனி விழுமியங்கள், தலைமைப் பண்பு, கம்ப்யூட்டரில் எழுதுகிற சைக்கோமெட்ரிக் தேர்வு.

"ஐந்து வருடத்தில் உங்களை எங்கே பார்க்கிறீர்கள்?" என்று கேட்டார்கள். மதாலா யோசித்துவிட்டு, "பென்ஷனில்" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர்கள் சிரிக்கவில்லை. முன்னேறும் ஆர்வம் இல்லை என்று ஐந்துக்கு ஒன்று போட்டார்கள்.

அடுத்தது, "மேலதிகாரியோடு கருத்து வேறுபாடு வந்தபோது என்ன செய்தீர்கள்?" அவர் ஒரு சம்பவத்தைச் சொன்னார். பாரம் தூக்கும் ஸ்லிங்கில் அடையாளத் தகடு (டேக்) இல்லை, எவ்வளவு எடை தாங்கும் என்று தெரியவில்லை. ஃபோர்மேன் தூக்கச் சொல்லியும் இவர் தூக்கவிடாமல் கிரேனை நிறுத்திவிட்டார். எனக்கு அந்தச் சம்பவம் தெரியும், அன்றைக்கு நானும் அங்கேதான் இருந்தேன். நானாக இருந்தால் அந்த ஒரு பதிலுக்கே வேலையைக் கொடுத்திருப்பேன். பிசினஸ் பார்ட்னர் தாளில் எழுதியது: "அதிகாரத்தை ஏற்பதில் சிக்கல்."

சைக்கோமெட்ரிக்கைப் பற்றி என்ன சொல்ல? ஆங்கிலத்தில் கேள்வி, ஓரத்தில் கடிகாரம் ஓடுகிறது, வாழ்நாளில் அதிகம் மவுஸ் பிடிக்காத கை. முடித்துவிட்டு வெளியே வந்து, "பாஸ், அந்த மிஷின் என்னை அடித்துவிட்டது" என்று சிரித்தார்.

ஏஜென்சி மூலம் ஒருவர் வந்தார். சர்டிபிகேட் எல்லாம் சரியாக இருந்தது. பேச்சும் நன்றாக இருந்தது. வந்த கொஞ்ச நாளில் எட்டு அங்குல நாசில் ஒன்றைப் பொருத்தினார். அதன் முனை வளையமான ஃபிளேஞ்சில் எட்டு ஓட்டை. மையக்கோடு இரண்டு ஓட்டைகளுக்கு நடுவே போகவேண்டும், இது இந்தத் தொழிலில் அரிச்சுவடி. அவர் ஓட்டையைக் கோட்டின் மேலேயே நிறுத்தித் தற்காலிக வெல்டு அடித்துவிட்டார். அதாவது 22.5 டிகிரி திரும்பிவிட்டது. முழு வெல்டும் அடித்து, ஹைட்ரோ டெஸ்ட் (தண்ணீர் அழுத்தச் சோதனை) முடித்து, சைட்டுக்கும் போயிருந்தால் அங்கே பைப் சேராது. கண்டுபிடித்தது யார் என்று நான் சொல்லவேண்டியதில்லை.

எம்.டி.யிடம் போனேன். "எச்.ஆர். விஷயத்தில் நான் தலையிடுவதில்லை" என்றார். ஒர்க்‌ஷாப் விஷயத்தில் எச்.ஆர். தலையிடலாம் போலிருக்கிறது. இதே ஆட்கள்தான் ஆண்டு மதிப்பீட்டில் என் சின்ன டீமில்கூட யாராவது ஒருவருக்குக் குறைந்த ரேட்டிங் போட்டே ஆகவேண்டும் என்று வளைகோட்டைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். அதைப் பற்றி இன்னொரு நாள் புலம்புகிறேன்.

இன்னொரு விஷயமும் சொல்லிவிடுகிறேன். என்னுடையது கிரிட்டிக்கல் ஸ்கில்ஸ் விசா (அரிய திறனாளருக்கான விசா). புதுப்பிக்கும்போது கடிதம் தரவேண்டியதும் அதே எச்.ஆர்.தான். இதனால்தான் எங்கள் கம்பெனியில் வெளிநாட்டு இன்ஜினியர்கள் பலர் வாயே திறப்பதில்லை.

என் கேள்வி இதுதான். பொறுப்பு என் தலையில் இருக்கும்போது, ஆள் தேர்வில் எனக்கு இருபது மதிப்பெண் மட்டும் என்பது சரியா? சட்டத்தில் எங்காவது பிடி இருக்கிறதா? உங்களில் யாராவது இதைச் சண்டையில்லாமல் சரிசெய்திருக்கிறீர்களா?

---

பைன்டவுன்_பம்ப்:

தலைவரே, எச்.ஆரோடு எச்.ஆர். மொழியில் பேசினால் தோற்றுப்போவீர்கள். விழுமியம், பண்பு என்று அவர்கள் நாள் முழுக்கப் பேசுவார்கள். நீங்கள் உங்கள் ஊர்ச் சட்டத்தைப் பேசுங்கள்.

1993-இன் 85-ஆம் சட்டம், அதான் நம்ம தொழில் பாதுகாப்புச் சட்டம், அதில் பிரிவு 8(2)(i) எடுத்துப் படியுங்கள். ஆபத்து என்ன என்று புரிந்துகொள்ளப் பயிற்சி பெற்றவர், முன்னெச்சரிக்கை நடவடிக்கைகளை நிறைவேற்றவைக்கும் அதிகாரமும் உள்ளவர், அப்படி ஒருவருடைய மேற்பார்வையில்தான் வேலை நடக்கவேண்டும் என்று இருக்கிறது. உங்கள் சார்ஜ்ஹேண்ட் அந்த ஆள்தான். டேக் இல்லாத ஸ்லிங்குக்காகக் கிரேனை நிறுத்தினார் பாருங்கள், அந்தப் பிரிவு கேட்பதே அதைத்தான். எச்.ஆர். அதற்கு மதிப்பெண் குறைத்திருக்கிறது. இதை அப்படியே எழுத்தில் வையுங்கள்.

யாருக்கு எழுதுவது என்பதுதான் முக்கியம். எச்.ஆருக்கு எழுதாதீர்கள். உங்கள் கம்பெனியில் 16(2) நியமனம், அதாவது தலைமை அதிகாரி ஒப்படைத்த பாதுகாப்புப் பொறுப்பு, யார் பெயரில் இருக்கிறதோ அவருக்கு எழுதுங்கள். "எச்.ஆர். தப்பு செய்துவிட்டது" என்று ஒரு வரிகூட வேண்டாம். "ரோலிங் பேயில் 8(2)(i) பொறுப்பு இப்போது யாருக்கு? அவருடைய திறமையைத் தொழில்நுட்ப ரீதியாகச் சோதித்தது யார்? ஆவணம் வேண்டும்" என்று மட்டும் கேளுங்கள். என் பழைய கம்பெனியில் இப்படி ஒரு மெயில் போனது. மேலே இருப்பவர் வக்கீலைக் கேட்டிருக்கிறார். அடுத்த இன்டர்வியூவிலிருந்து முதலில் தளத்தில் பிராக்டிகல் டெஸ்ட், அதில் தேறினால்தான் எச்.ஆர். மேஜைக்கு என்று மாறிவிட்டது. யாரும் யாரோடும் சண்டை போடவில்லை.

விசாவைப் பற்றி: பயம் நியாயம்தான். ஆனால் இது புகார் இல்லை, உங்கள் நியமனக் கடிதம் உங்களைச் செய்யச் சொல்கிற வேலை. அந்தத் தொனியிலேயே எழுதுங்கள்.

---

வாண்டர்பைல்_பொண்ணு:

கொஞ்சம் எதிர்க்கட்சியாகப் பேசுகிறேன், கோபப்படாதீர்கள் அண்ணா.

நான் மெட்டலர்ஜி. முதல் வேலைக்கு நான் இன்டர்வியூ போனபோது ஒர்க்ஸ் மேனேஜர் மனதில் ஏற்கெனவே ஒரு பையன் இருந்தான், அவருடைய கோல்ஃப் நண்பரின் மகன். எச்.ஆரில் இருந்த ஒரு பெண் மார்க் ஷீட்டைக் கையில் வைத்துக்கொண்டு, "இந்தப் பெண்ணுக்கு அதிகம், காரணம் சொல்லாமல் தள்ள முடியாது" என்று நின்றதால்தான் நான் உள்ளே வந்தேன். உங்களுக்குத் தொந்தரவாக இருக்கிற அதே மார்க் ஷீட்தான் எனக்கு வாசலைத் திறந்தது.

மதாலா விஷயத்தில் நீங்கள் சொல்வது நூற்றுக்கு நூறு சரி. ஆனால் "ஒர்க்‌ஷாப்பில் யாருக்கும் சந்தேகமே இல்லை" என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த மாதிரி ஒர்க்‌ஷாப்களில் பெண்களைப் பற்றியும் யாருக்கும் சந்தேகமே இருந்ததில்லை. மார்க் ஷீட்டைத் தூக்கி எறியச் சொல்லாதீர்கள், அதில் இருக்கும் கேள்விகளை மாற்றச் சொல்லுங்கள். இருபதை அறுபதாக்குங்கள்.

---

மிட்ராண்ட்_அக்கா:

எச்.ஆர்.காரி வந்திருக்கிறேன், கல்லை மெதுவாக எறியுங்கள் :)

தம்பி, எங்களுக்கு இவ்வளவு செல்வாக்கு எங்கிருந்து வந்தது என்று முதலில் சொல்கிறேன். எம்.டி.க்கு எங்கள் மேல் காதல் ஒன்றும் இல்லை. வேலைவாய்ப்புச் சமத்துவச் சட்டம், அதாவது 1998-இன் 55, அதன் திருத்தம் 2025 ஜனவரி 1-இல் அமலுக்கு வந்தது. கறுப்பினத்தவர், பெண்கள் போன்றோர் எவ்வளவு பேர் இருக்கவேண்டும் என்ற துறைவாரியான இலக்குகள் அந்த ஏப்ரலில் அரசிதழில் வந்தன. ஐம்பது பேரும் அதற்கு மேலும் வேலை செய்கிற கம்பெனிகளுக்கு இது பொருந்தும். ஜனவரி 15-க்குள் ஆன்லைனில் அறிக்கை போகவேண்டும். இணக்கச் சான்றிதழ் இல்லாமல் அரசோடு வியாபாரம் செய்ய முடியாது. உங்கள் வெசல்கள் மின்நிலையம், தண்ணீர் வாரியம் என்று போகிறதென்றால் எம்.டி. இரவில் எதை நினைத்துத் தூங்காமல் இருக்கிறார் என்று புரிந்திருக்கும். கூடவே சம்பளப் பட்டியலில் ஒரு சதவீதம் ஸ்கில்ஸ் லெவி (பயிற்சி வரி), அதில் கொஞ்சம் திரும்பி வர ஏப்ரல் 30-க்குள் பயிற்சித் திட்டம் கொடுக்கவேண்டும். தொழில் தகராறு வழக்குகள் வேறு. இந்தத் தாள்களெல்லாம் எங்கள் மேஜையில் இருப்பதால் நாற்காலியும் பெரிதாகிவிட்டது.

இப்போது உங்கள் கம்பெனி எச்.ஆர். எங்கே சறுக்கியது என்பதைப் பார்ப்போம். அதே சட்டத்தில் பிரிவு 20(3) இருக்கிறது. ஒருவர் 'தகுதியானவர்' என்று சொல்ல நான்கு வழி: முறையான படிப்பு, முன்பே கற்ற திறன், தொடர்புடைய அனுபவம், நியாயமான காலத்துக்குள் அந்த வேலையைக் கற்றுக்கொள்ளும் ஆற்றல். இதில் ஏதாவது ஒன்றோ, சேர்ந்தோ இருந்தால் போதும். நான்கையும் கம்பெனி பரிசீலித்தே ஆகவேண்டும். மெட்ரிக் இல்லை என்று முதல் வரியிலேயே மூடுகிற பாலிசியை அந்தச் சட்டம் கேட்கவில்லை. எங்கள் ஆட்களில் பலர் இலக்கு அட்டவணையை மனப்பாடம் செய்திருப்பார்கள், 20(3)-ஐப் படித்திருக்க மாட்டார்கள். இதில் வேடிக்கை என்னவென்றால், அவரை சார்ஜ்ஹேண்ட் ஆக்கியிருந்தால் அது அவர்களுடைய இலக்குக்கே உதவியிருக்கும்!

சைக்கோமெட்ரிக்குக்குப் பிரிவு 8. அறிவியல்பூர்வமாக நம்பத்தக்கதாக, எல்லோருக்கும் நியாயமாகப் பயன்படுத்தக்கூடியதாக, எந்தப் பிரிவினருக்கும் பாதகமில்லாததாக இருந்தால்தான் அந்தத் தேர்வை நடத்தலாம். ஆங்கிலத்தில், கடிகாரம் வைத்து, கம்ப்யூட்டர் பழகாத வெல்டருக்கு என்றால் கம்பெனிதான் பதில் சொல்லவேண்டும்.

அவர் தன்னுடைய மார்க் ஷீட்டையும் தேர்வு முடிவையும் தகவல் பாதுகாப்புச் சட்டமான போபியா பிரிவு 23-இன் கீழ் எழுதிக் கேட்கலாம். அந்த "அதிகாரத்தை ஏற்பதில் சிக்கல்" வரி வெளியே வரட்டும், எழுதியவர் விளக்கட்டும்.

பதவி உயர்வில் அநீதி என்று வழக்குப் போவதென்றால் 90 நாள் கெடு, அந்த முடிவு எடுத்த நாளிலிருந்தோ அது தெரிந்த நாளிலிருந்தோ. உங்களுடையது மெட்டல் தொழில் என்பதால் அநேகமாக பொதுவான தொழில் தகராறு அமைப்பான சி.சி.எம்.ஏ.வுக்குப் போகாது, மெட்டல் துறைக்கான எம்.இ.ஐ.பி.சி. கவுன்சிலுக்குப் போகும். ஆனால் போகவேண்டியது அவர், நீங்கள் இல்லை. யூனியனில் இருந்தால் ஷாப் ஸ்டுவர்ட் பார்த்துக்கொள்வார். உங்கள் கோபத்துக்காக அவரை வழக்குக்குத் தள்ளாதீர்கள். பென்ஷனுக்குப் பக்கத்தில் இருக்கும் மனுஷன், அவருக்கு என்ன வேண்டும் என்று முதலில் கேளுங்கள்.

---

சாட்ஸ்வொர்த்_தாத்தா:

வணக்கம். நான் சொல்லச் சொல்ல மருமகள் டைப் செய்கிறாள், அவள் மெட்ராஸ் பெண். எனக்குப் பேசத்தான் வரும், எழுத வராது.

நான் டர்பன் ஜேக்கப்ஸில் ஃபிட்டராக இருந்தவன். எங்கள் காலத்தில் எச்.ஆர். கிடையாது. டைம் ஆபீஸ் என்று ஒன்று, பெர்சனல் என்று ஒரு அறை, அதில் ஒரு வெள்ளைக்கார அம்மா. வெள்ளிக்கிழமை கவரில் சம்பளம். யார் எந்த வேலைக்கு என்பது ஃபோர்மேன் வாயில் இருந்தது. அதைப் பொற்காலம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பகலெல்லாம் நான் பம்பை அலைன் செய்வேன், பக்கத்தில் நின்று டீ குடித்தவன் ஆர்டிசன் (தகுதிபெற்ற தொழிலாளி), நான் அசிஸ்டென்ட். ராத்திரி எம்.எல்.சுல்தான் டெக்னிகல் காலேஜில் கிளாஸுக்குப் போனேன், தாள் வந்தது, வேலை வரவில்லை. எந்த வேலை எந்த இனத்துக்கு என்று ஒதுக்கி வைக்க 1956 சட்டத்தில் ஒரு பிரிவே இருந்தது தம்பி.

இந்தியர்களான எங்களுக்காவது அந்தக் காலேஜ் இருந்தது. கறுப்பர்களுக்கு அதுவும் இல்லை. தொழிலாளர் சட்டங்களை ஆராய்ந்த வீஹான் கமிஷன் 1979-இல் அறிக்கை கொடுத்து, 1981-இல் புதுச் சட்டம் வந்த பிறகுதான் அவர்கள் அப்ரென்டிஸ் ஆகவே முடிந்தது. உன் மதாலா பென்ஷனுக்குப் பக்கத்தில் என்றால், 1976-இல் சொவெட்டோவில் பிள்ளைகளைச் சுட்டார்களே, அப்போது அவர் பள்ளிக்கூடத்துப் பையன். அதற்கு அப்புறம் பத்துப் பன்னிரண்டு வருடம் டவுன்ஷிப் பள்ளிக்கூடம் எங்கே ஒழுங்காக நடந்தது? பிறகு தொண்ணூறுகளின் ஆரம்பத்தில் அரசியல் வன்முறையில் கேட்லஹாங், தொகோசா எல்லாம் எரிந்தது. அந்த மனுஷனிடம் மெட்ரிக் எங்கே என்று கேட்கிறார்களாம்.

அந்த எச்.ஆர். ஆள் சின்ன வயசாக இருப்பார், கெட்டவராக இருக்கமாட்டார். ஒரு நாள் காலையில் சேஃப்டி பூட்ஸ் போட்டுக் கூட்டிக்கொண்டு வந்து ரோலிங் மிஷின் பக்கத்தில் நிறுத்து. மதாலா ஒரு பிளேட்டை உருட்டி மூடுகிற வரை நிற்கட்டும். மீட்டிங் ரூமில் அந்த வேலை தெரியாது.

---

வேட்வில்_வெல்டு (ஜெர்மிஸ்டன்):

எல்லோருக்கும் நன்றி. தாத்தா, உங்கள் மருமகளுக்கும்.

வாண்டர்பைல் தங்கச்சி சொன்னது சுருக்கென்று இருந்தது, ஆனால் நியாயம். மார்க் ஷீட் வேண்டாம் என்று எழுத நினைத்திருந்த பத்தியை எடுத்துவிட்டேன். தளத்தில் பிராக்டிகல், தொழில்நுட்பத்துக்கு அறுபது என்று கேட்டிருக்கிறேன். பைன்டவுன்காரர் சொன்ன மாதிரி 16(2) ஆளுக்கு மெயில் போய்விட்டது. எச்.ஆருக்கு நகல் மட்டும். இதுவரை வந்த பதில்: "உங்கள் மெயில் கிடைத்தது, கலந்தாலோசிக்கிறோம்." ஏஜென்சி ஆள் மேல் எனக்குக் கோபம் இல்லை, பாவம், அவரை யாரும் சோதிக்காமல் உள்ளே விட்டார்கள். இப்போது மதாலாவே அவருக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருக்கிறார். அதற்குத் தனிச் சம்பளம் கிடையாது என்பது வேறு கதை.

அக்கா சொன்னபடி மதாலாவிடம் கேட்டேன். வழக்கு வேண்டாமாம். "எனக்கு அந்த ரெட் சீல் வேண்டும் பாஸ், வீட்டில் மாட்டவேண்டும்" என்றார். ரெட் சீல் என்றால் டிரேட் டெஸ்டில் தேறினால் கிடைக்கிற தொழில் சான்றிதழ். அந்த டெஸ்ட் எழுதத் தயார். அனுபவத்தை வைத்து எழுத ஏ.ஆர்.பி.எல். (முன்பே கற்ற திறனை அங்கீகரிப்பது) வழி இருக்கிறதே, அதில் கம்பெனியின் சேவைக் கடிதம் கேட்பார்கள் என்று கேள்விப்பட்டேன். எச்.ஆர். தருகிற கடிதத்தில் 'உதவியாளர்' என்றுதான் இருக்கும். அது போதுமா, திருப்பி அனுப்பிவிடுவார்களா?

---

மிட்ராண்ட்_அக்கா:

பதவிப் பெயரை மாற்றச் சொல்லி எச்.ஆரோடு மல்லுக்கட்டாதீர்கள், அதிலேயே ஆறு மாதம் போய்விடும். கடிதத்தில் பதவிப் பெயர் எப்படியோ இருக்கட்டும், வேலையில் சேர்ந்த தேதி சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். அவர் என்னென்ன வேலை செய்தார் என்பதைத் தனித் தாளில் நீங்கள் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள், உங்கள் நியமனத்தைக் குறிப்பிட்டு. அதோடு அவருடைய வெல்டர் தகுதித் தாள்கள், அவர் பேர் இருக்கிற ஜாப் கார்டுகள், அவர் குறிப்பு எழுதிய டிராயிங் நகல்கள் எல்லாம் சேர்த்து ஒரு ஃபைல் போடுங்கள். வெளி வாடிக்கையாளரின் டிராயிங் என்றால் முதலில் அனுமதி கேளுங்கள். அவரே ஒரு அஃபிடவிட்டும் எழுதட்டும், போலீஸ் ஸ்டேஷனில் காசில்லாமல் முத்திரை வைத்துத் தருவார்கள்.

எந்தச் சென்டர் என்று முதலில் மெர்செட்டாவில் (உங்கள் துறையின் பயிற்சி ஆணையம்) கேளுங்கள், அங்கீகாரம் பெற்ற தனியார் சென்டர்கள் இருக்கின்றன. இல்லாவிட்டால் ஒலிஃபான்ட்ஸ்ஃபொன்டைனில் அரசு டிரேட் டெஸ்ட் மையமான இன்ட்லேலா, உங்களிடமிருந்து ரொம்ப தூரம் இல்லை. ஃபைலைக் காட்டினால் எங்கே ஓட்டை இருக்கிறது, எந்தப் பகுதிக்குப் பயிற்சி தேவை என்று அவர்களே மதிப்பிட்டுச் சொல்வார்கள். அவருக்கு எழுத்துப் பகுதிதான் இடிக்கும், கணக்கைக் கொஞ்சம் சனிக்கிழமைகளில் உட்கார்ந்து சொல்லிக்கொடுங்கள்.

டெஸ்ட் கட்டணத்தைக் கம்பெனி பயிற்சித் திட்டத்தில் போடச் சொல்லுங்கள். ஏப்ரல் 30 நெருங்கும்போது கேளுங்கள் தம்பி. அந்த மாதம் எங்களுக்குப் பட்டியலில் பெயர்கள் தேவைப்படும், யார் கேட்டாலும் சரி என்போம்.